கடைசித் தூக்கில் கை நடுங்குகிறது, நரம்பு பலவீனமா?

கேள்வி: எனக்கு 23 வயது. தாராவி 90 அடி ரோடு பக்கம் வீடு. மகாராஷ்டிரா போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ஓட்டம் பரவாயில்லை, குண்டு எறிதலில்தான் இடிக்கிறது. இரண்டு மாதமாக ஜிம் போகிறேன். ஆரம்பத்தில் பெஞ்ச் பிரஸ்ஸில் 40 கிலோவுக்கே திணறினேன், இப்போது 55 கிலோ தூக்குகிறேன். ஆனால் புஜத்தை அளந்து பார்த்தால் அதே அளவுதான். கடைசி ஒன்றிரண்டு தூக்கில் இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்குகிறது. ஜிம்மில் ஒரு அண்ணன், "உனக்கு நரம்பு வீக். எல்லோரும் பத்து சதவீதத் தசையைத்தான் உபயோகிக்கிறோம், கரண்ட் மெஷின் போட்டால் மீதியும் முழித்துக்கொள்ளும்" என்கிறார். ஆன்லைனில் அந்த மெஷின் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊரிலிருந்து வந்த மாமா நரம்புத் தளர்ச்சிக்கு ஒரு லேகியம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, தோல் பட்டறையில் பசை ஒட்டுகிற வேலை. அவருக்கும் டீ கிளாஸைப் பிடித்தால் கை நடுங்கும். பரம்பரை வியாதியோ என்று அம்மா பயப்படுகிறார். மெஷின் வாங்கலாமா? நடுக்கம் நிற்க என்ன செய்வது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர், மும்பை)

பதில்:

தம்பி, நேரடியாகக் கேட்டதற்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். மெஷின் வாங்க வேண்டாம். லேகியத்தை மாமா மனம் நோகாமல் ஓரமாக வைத்துவிடுங்கள். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதாத எதையும் சாப்பிடக் கூடாது. கனமான எடையை முழு மூச்சாகத் தள்ளும்போது கை நடுங்குவது வியாதி கிடையாது. உங்கள் வயதில் நல்ல ஆரோக்கியமாக இருக்கிற யாரை அந்த பெஞ்சில் படுக்க வைத்து, அவரால் முடிந்த கடைசித் தூக்கைத் தள்ளச் சொன்னாலும் கை நடுங்கத்தான் செய்யும். இரண்டு மாதத்தில் 40 கிலோ 55 ஆனதே, அதுவே உங்கள் நரம்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதற்கு நல்ல அத்தாட்சி.

ஆனால் அப்பாவைப் பற்றி போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் விஷயம் எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. கடைசியில் அதற்கு வருகிறேன். தயவுசெய்து அதுவரை படியுங்கள்.

இப்போது நடுக்கத்துக்கு வருவோம். மாட்டுங்காவில் என்னிடம் சிகிச்சைக்கு வருகிற பையன்களில் பாதிப்பேர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். நம் ஊர்ச் சுவர்களில் நரம்புத் தளர்ச்சி விளம்பரம் பார்த்தே வளர்ந்தவர்களுக்குக் கை லேசாக ஆடினாலும் நெஞ்சு பதைக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தசை எப்படி இயங்குகிறது என்று ஒரு தடவை புரிந்துவிட்டால் இந்தப் பயம் போய்விடும், பயிற்சி செய்கிற விதமும் மாறும்.

கழுத்துப் பகுதியில் தண்டுவடத்துக்குள் இருக்கிற ஒரு நரம்பணுவிலிருந்து நீளமான இழை ஒன்று கிளம்பி, அக்குள் வழியாகக் கைக்கு இறங்குகிறது. தசைக்குள் போனதும் பல கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு தசை நாரில் போய் முடிகிறது. அந்த ஒரு நரம்பணு, அது ஆள்கிற அத்தனை நார்கள், எல்லாம் சேர்ந்தது ஒரு மோட்டார் யூனிட். 1925இல் லிடெலும் ஷெரிங்டனும் இந்தப் பெயரை வைத்தார்கள். கண்ணை அசைக்கிற தசைகளில் ஒரு நரம்பணுவுக்குக் கொஞ்சம் நார்கள்தான் இருக்கும், கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். கண்ணுக்கு நுணுக்கம் வேண்டும், காலுக்குப் பலம் வேண்டும், அதற்கேற்ற ஏற்பாடு.

நரம்பணு ஒரு துடிப்பு அனுப்பினால் அதன் கீழ் உள்ள எல்லா நார்களும் ஒருமுறை சுருங்கும். நார்கள் பாதியளவு சுருங்குகிற பேச்சே கிடையாது. அப்படியென்றால் டீ கிளாஸுக்குக் கொஞ்சம் பலம், 20 லிட்டர் தண்ணீர் கேனுக்கு நிறைய பலம் என்று நாம் எப்படிக் கூட்டிக் குறைக்கிறோம்? உடம்புக்கு இரண்டே வழிதான். யூனிட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். அல்லது ஏற்கெனவே வேலை செய்கிற யூனிட்டுகளுக்கு வினாடிக்கு இன்னும் அதிகத் துடிப்புகளை அனுப்பலாம்.

யூனிட்டுகள் வேலையில் சேர்வதற்கு ஒரு வரிசை உண்டு. எல்வுட் ஹென்னமன் 1950களிலும் 60களிலும் பூனைகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார், 1965இல் விரிவாக எழுதினார். சின்ன நரம்பணுக்கள் முதலில் கிளம்பும். அவை ஆள்கிற நார்கள் மெதுவானவை, பலம் குறைந்தவை, ஆனால் லேசில் களைக்காது. எடை ஏற ஏறத்தான் பெரிய நரம்பணுக்கள் இறங்கும். அவற்றின் நார்கள் வேகமானவை, பலமானவை, சீக்கிரம் களைத்துவிடும். 1973இல் மனிதர்களின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற தசையிலும் இதே வரிசைதான் என்று காட்டினார்கள். இந்த வரிசை நாம் நினைத்து மாற்றுகிற விஷயமில்லை. உங்கள் கதைக்கு இது முக்கியம்: லேசான எடையை நிதானமாகத் தூக்கிக்கொண்டே இருந்தால், கடைசி வரிசையில் இருக்கிற பெரிய யூனிட்டுகளுக்கு அழைப்பே போகாது. நன்றாகக் களைத்துப்போன பிறகு வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும்.

அடுத்து துடிப்பின் வேகம். நரம்பியல் பரிசோதனையில் தசைக்குள் ஒரு மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதில் வருகிற மின் துடிப்புகளைத் திரையில் பார்ப்பார்கள், ஸ்பீக்கரில் கேட்பார்கள். படிக்கிற காலத்தில் இதன் பக்கத்தில் நின்று நான் நிறையக் கேட்டிருக்கிறேன். "லேசாக மடக்குங்கள்" என்று டாக்டர் சொல்வார். டொக், டொக், டொக் என்று ஒரே ஒரு யூனிட்டின் சத்தம் வரும், வினாடிக்கு ஆறு, ஏழு தடவை. "இன்னும் கொஞ்சம்" என்பார். அந்தச் சத்தம் வினாடிக்குப் பத்தை நெருங்கும்போது வேறு குரலில் இரண்டாவது யூனிட் சேர்ந்துகொள்ளும். அப்புறம் மூன்றாவது. "முழு பலத்தில்" என்று சொன்னதும் தனித்தனி ஒலி எல்லாம் மறைந்து ஒரே இரைச்சலாகிவிடும். உங்கள் வீட்டுத் தகரக் கூரையில் ஜூன் மாத முதல் மழை விழுகிற மாதிரிதான். ஆரம்பத்தில் ஒவ்வொரு சொட்டையும் எண்ணலாம், வலுத்த பிறகு எண்ண முடியாது, இடைவெளி இல்லாத ஒரே ஓசைதான் கேட்கும்.

தசையின் இழுவையும் அப்படித்தான் கூடுகிறது. ஒரு துடிப்பு வந்தால் நார் வெடுக்கென்று சுருங்கித் தளர்ந்துவிடும். அது தளர்வதற்குள் அடுத்த துடிப்பு வந்தால் இழுவை முந்தையதன் மேல் ஏறும். துடிப்புகள் நெருங்க நெருங்க வெடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து சீரான இழுவையாகும். யூனிட்டுகள் எல்லாம் ஒரே நொடியில் துடிப்பதில்லை, ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று மாறி மாறித் துடிக்கின்றன. அதனால்தான் கை ஆடாமல் நம்மால் ஊசியில் நூல் கோக்க முடிகிறது.

சரி, முழு பலத்தில் தள்ளும்போது என்ன நடக்கிறது? கையின் சின்னத் தசைகளில், உச்ச பலத்தில் பாதியை எட்டும்போதே கிட்டத்தட்ட எல்லா யூனிட்டுகளும் வேலையில் இறங்கிவிடும். அதற்கு மேல் கூடுகிற பலமெல்லாம் துடிப்பு வேகத்தால் வருவதுதான். புஜம் மாதிரிப் பெரிய தசைகளில் 80 சதவீதத்துக்கு மேலும் புது யூனிட்டுகள் வந்துகொண்டே இருக்கும். பிக்லண்ட்-ரிச்சியும் அவருடைய சகாக்களும் 1983இல் வெளியிட்ட அளவீட்டில், முழு பலத்தில் புஜத்தின் யூனிட்டுகள் சராசரியாக வினாடிக்கு 31 தடவை துடித்தன. கட்டைவிரலை உள்ளே இழுக்கிற தசையில் 30. கெண்டைக்காலின் உள்தசையில் 11 கூட இல்லை. எனக்கு இந்தக் கடைசி எண் மேல் தனிப் பிரியம். அந்தத் தசை நாள் முழுக்க நம்மை நிற்க வைக்கிற தசை. அதன் நார்கள் மெதுவாகச் சுருங்கி மெதுவாகத் தளர்பவை, ஆகவே அந்தக் குறைந்த வேகமே அதற்குப் போதுமானது. ஒவ்வொரு தசைக்கும் தனக்கு ஏற்ற தாளம் இருக்கிறது.

இதில் சுவாரஸ்யமான இன்னொரு விஷயமும் உண்டு. பாஸ்டனில் கார்லோ டி லூகாவின் குழு பல வருடம் இதை ஆராய்ந்தது. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எடுத்துப் பார்த்தால், முதலில் வந்த சின்ன யூனிட்டுகள்தான் வேகமாகத் துடிக்கின்றன, கடைசியில் வந்த பெரியவை அவற்றைவிட மெதுவாகத் துடிக்கின்றன என்று அவர்கள் சொன்னார்கள். எல்லாச் சூழ்நிலையிலும் இப்படியேதானா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே வாதம் உண்டு. ஆனால் நிதானமாக ஏற்றுகிற பலத்தில் இது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டிருக்கிறது.

உங்கள் கை நடுங்குகிற காரணம் இங்கேதான் இருக்கிறது. கடைசித் தூக்கில் இறங்குகிற யூனிட்டுகள் அளவில் பெரியவை, அவற்றின் ஒவ்வொரு வெடுக்கும் பெரியது. அவை துடிக்கிற வேகத்தில் இழுவை முழுதாகக் கலந்து சீராகாது. களைப்பு ஏறும்போது யூனிட்டுகள் மாறி மாறித் துடிப்பதும் குறைந்து, கூட்டமாகச் சேர்ந்து துடிக்க ஆரம்பிக்கும். போதாததற்குத் தசை நீள்வதை உணர்ந்து தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகிற அனிச்சைச் சுற்று வேறு இருக்கிறது. கை ஒரு மில்லிமீட்டர் சரிந்தாலும் அது திருப்பித் தள்ளும், அந்தத் தள்ளலும் ஆட்டத்தோடு சேரும். வினாடிக்கு 8லிருந்து 12 தடவை வரை ஆடுகிற மெல்லிய நடுக்கம் எல்லோர் கையிலும் எப்போதும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. கடைசித் தூக்கில் அது பெரிதாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. பெஞ்சை விட்டு எழுந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது, இல்லையா? அப்படியென்றால் இதற்கு மருந்து எதுவும் வேண்டாம்.

எடை ஏறியும் புஜம் ஏன் ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்புகளின் பங்குதான். 1979இல் மொரிடானியும் டிவ்ரீஸும் எட்டு வாரப் பயிற்சியில் இதைப் பிரித்துக் காட்டினார்கள்: ஆரம்பத்தில் நரம்பு இயக்கம் மேம்படுவதால் பலம் ஏறுகிறது, தசை பெருப்பது அதற்குப் பிறகுதான் முன்னுக்கு வருகிறது. இதைவிடப் பழைய சான்றும் இருக்கிறது. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுக்க, பயிற்சியே செய்யாத மற்ற கைக்கும் பலம் கூடியது. 1992இல் யூவும் கோலும் செய்த சோதனையில் ஒரு குழுவினர் சுண்டுவிரலை அசைக்காமல், முழு பலத்தில் விரிப்பதாக மனத்தில் மட்டும் நினைத்துப் பயிற்சி செய்தார்கள். நான்கு வாரத்தில் அவர்கள் பலம் 22 சதவீதம் கூடியது. நிஜமாகவே விரித்துப் பயிற்சி செய்தவர்களுக்கு 30. இரண்டு சோதனையிலும் தசை வேலை செய்யாமலேயே பலம் வந்திருக்கிறது. உங்களுக்கு நடந்துகொண்டிருப்பது இதன் தொடக்கம். டேப்பை எடுத்து வாராவாரம் அளக்காதீர்கள், வேளைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டு, இன்னும் சில மாதம் விடாமல் செய்தால் அளவும் ஏறும்.

இப்போது அந்த "பத்து சதவீதம்". அண்ணன் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது உண்மையில்லை. 1954இலேயே லண்டனில் மெர்டன் என்பவர் இதைச் சோதித்துவிட்டார். ஒருவரை முழு பலத்தில் கட்டைவிரலை இழுக்கச் சொல்லி, அதே நேரம் அந்த நரம்புக்கு வெளியிலிருந்து ஒரு மின் அதிர்வைக் கொடுத்தார். சும்மா கிடக்கிற யூனிட் ஏதாவது இருந்தால் அந்த அதிர்வில் இழுவை துள்ளிக் கூட வேண்டும். முழு முயற்சியில் அப்படிக் கூடவில்லை. பின்னால் வந்த நுட்பமான கருவிகள் சிறிய பாக்கி ஒன்று இருப்பதைக் காட்டின. ஆரோக்கியமானவர்கள் மனம் வைத்து இழுத்தால் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல் எட்டிவிடுகிறார்கள். தூங்கிக்கொண்டிருக்கிற 90 சதவீதம் என்று எதுவும் இல்லை.

மெஷின் விஷயம். வெளியிலிருந்து கொடுக்கிற கரண்ட், மேலே சொன்ன வரிசையை மதிக்காது. மெஷினிலிருந்து உடம்பில் ஒட்டுகிற பட்டைக்கு அடியில், தோலுக்குப் பக்கத்தில் எந்த நரம்பு இழைகள் ஓடுகின்றனவோ அவற்றைத்தான் திரும்பத் திரும்பத் தூண்டும். அத்தனையும் ஒரே நேரத்தில் துடிக்கும், மாறி மாறி ஓய்வெடுக்க வழியில்லை. அதனால் தசை சீக்கிரம் களைக்கும். குண்டு எறிவதற்குத் தேவையான கட்டளை மூளையிலும் தண்டுவடத்திலும் பழக வேண்டும். பட்டை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தால் அது பழகாது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தொடைத் தசையை இறுக்கவே முடியாதவர்களுக்கு நானே இந்தச் சிகிச்சையைக் கொடுக்கிறேன், அங்கே அதற்கு நல்ல பயன் உண்டு. உங்கள் தேவை வேறு. அந்தப் பணத்துக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்குங்கள். நரம்புக்கு நல்லது என்று யாராவது வைட்டமின் பி12 ஊசி போடச் சொன்னால், முதலில் ரத்தத்தில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் மட்டும் டாக்டர் சொல்கிறபடி போட்டுக்கொள்ளலாம்.

இனி குண்டு எறிதல். நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். 7.26 கிலோ குண்டைக் கழுத்தருகே வைத்துக் கடைசியாகத் தள்ளுகிற நேரம் சுமார் கால் வினாடிதான். ஒரு தசை தன் உச்ச பலத்தை எட்டவே பொதுவாக அதைவிட அதிக நேரம் வேண்டும். ஆகவே உச்ச பலம் மட்டும் ஏறினால் போதாது, அந்தக் கால் வினாடிக்குள் எவ்வளவு பலத்தை வெளியே கொண்டுவருகிறீர்கள் என்பதில்தான் தூரம் இருக்கிறது. பெஞ்ச் பிரஸ்ஸில் 15 கிலோ ஏறியும் குண்டு அதே இடத்தில் விழுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

வேகமாகச் சுண்டுகிற அசைவில் யூனிட்டுகள் துடிக்கிற விதமே மாறிவிடுகிறது. பிரஸ்ஸல்ஸில் டெஸ்மெட்டும் கோடோவும் 1977இல் இதை அளந்தார்கள். பலத்தை மெதுவாக ஏற்றும்போது ஒரு யூனிட் வினாடிக்கு 5லிருந்து 15 வரையான வேகத்தில் துடிக்க ஆரம்பிக்கும். அதே தசையை வெடிக்கிற மாதிரிச் சுண்டினால், தொடக்கத் துடிப்புகள் வினாடிக்கு 60லிருந்து 120 வரையான வேகத்தில் நெருங்கி வரும். வரிசை மாறுவதில்லை, ஆனால் பின்வரிசை யூனிட்டுகளும் மிகக் குறைந்த பலத்திலேயே உள்ளே வந்துவிடும். இதைப் பழக்கத்தால் கூட்ட முடியுமா? முடியும். அதே ஊரில் வான் கட்செமும் துஷதோவும் சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பாதத்தை மேலே தூக்குகிற தசைக்கு 12 வாரம் வேகப் பயிற்சி கொடுத்தார்கள். எடை அதிகமில்லை, உச்ச பலத்தில் 30, 40 சதவீதம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் முடிந்த அளவு வேகமாக. தொடக்கத்தில் இரண்டு துடிப்புகள் ஒட்டி ஒட்டி வருகிற யூனிட்டுகள் பயிற்சிக்கு முன் 5 சதவீதம்போல இருந்தன, பயிற்சிக்குப் பின் 33 சதவீதம்போல ஆயின. அந்த ஒட்டிய இரட்டைத் துடிப்புதான் இழுவையைச் சட்டென்று மேலே ஏற்றுகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகமாக இருக்கும். நம் தண்டுவடத்தில் இருக்கிற நரம்பணு கூட மூன்று மாதத்தில் புதுப் பழக்கம் கற்றுக்கொள்கிறதே!

ஆகவே உங்கள் பயிற்சியில் இரண்டு விதமும் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கனமான எடை. மூன்றிலிருந்து ஐந்து தூக்குக்கு மேல் முடியாத எடையாக இருக்கட்டும், ஒரு ஆள் பக்கத்தில் நிற்கட்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே மூன்று நிமிடமாவது உட்காருங்கள். எடை மெதுவாகத்தான் மேலே போகும், ஆனால் மனத்தில் "வேகமாகத் தள்ளு" என்ற கட்டளை இருக்க வேண்டும். பேமும் சேலும் 1993இல் காட்டியபடி, எடை நிஜமாக எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதைவிட, வேகமாக நகர்த்த நினைக்கிற அந்த முயற்சி தசைக்குப் பெரிய தூண்டுதல். தரையில் கால் ஊன்றிச் செய்கிற ஸ்குவாட்டை விட்டுவிடாதீர்கள். குண்டின் தூரம் காலிலும் இடுப்பிலும் பிறக்கிறது, கை அதைக் கடைசியில் வாங்கிக்கொண்டு முடித்து வைக்கிறது. ஜிம் பையன்கள் பலரும் நெஞ்சையும் புஜத்தையும் மட்டுமே பார்க்கிறார்கள்.

வேறு இரண்டு மூன்று நாள், உடம்பு களைக்காமல் இருக்கும்போது எறிதல். ஓடி முடித்துவிட்டோ ஜிம் முடித்துவிட்டோ எறியாதீர்கள், அதுதான் எல்லோரும் செய்கிற தவறு. களைத்த தசையில் துடிப்பு வேகம் குறைந்துவிடும். முழு பலத்தில் விடாமல் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் அது ஏறக்குறைய பாதியாகிவிடுவதை 1983இலேயே அளந்திருக்கிறார்கள். களைத்த தசை மெதுவாகத் தளர்வதால், ஒரே பிடியாகப் பிடித்திருக்க அந்தக் குறைந்த வேகமே ஓரளவு போதும். ஆனால் கால் வினாடி வேலைக்கு அது உதவாது. களைப்பில் எறிந்து பழகினால் மந்தமாக எறியத்தான் பழகுவீர்கள். இரண்டு, மூன்று கிலோ பந்தை நெஞ்சிலிருந்து சுவரில் வேகமாக அடிக்கலாம். குண்டைச் சில தடவை மட்டும் முழு முயற்சியோடு எறியுங்கள், நடுவே ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். தூரம் குறைய ஆரம்பித்ததும் அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். தோளிலோ மணிக்கட்டிலோ குத்துகிற வலி வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

தேர்வுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியிருந்தாலும் கடைசி வாரம் ஜிம் வேலையை நன்றாகக் குறைத்துவிடுங்கள். அன்று காலை உடம்பு சூடேறும்வரை ஓடிவிட்டு, இரண்டு மூன்று தடவை வேகமாகத் தள்ளிப் பாருங்கள். தள்ளும்போது கத்தத் தோன்றினால் கத்துங்கள், விதி தடுக்காதவரை வெட்கப்பட வேண்டியதில்லை. 1961இல் இக்காயும் ஸ்டைன்ஹவுஸும் செய்த சோதனையில், கத்திக்கொண்டே இழுத்தவர்களின் கைப்பலம் கூடியது. இழுப்பதற்குச் சற்று முன் பக்கத்தில் துப்பாக்கி வெடித்தாலும் கூடியது.

உங்கள் விஷயத்தில் எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால், சும்மா இருக்கும்போதும் கை ஆடினால், ஒரு பக்கம் மட்டும் பலம் குறைந்துகொண்டே போனால், கட்டைவிரல் மேட்டுத் தசை வற்றிப் போனால், மாலையாக ஆக இமை தொங்கினால். இவற்றில் ஒன்றுகூட நீங்கள் எழுதவில்லை. உடற்பயிற்சிக்குப் பிறகு தோலுக்கடியில் அங்கங்கே துடிப்பது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம்.

இனி அப்பா. டீ கிளாஸைப் பிடிக்கும்போது கை நடுங்குவதற்கும் உங்கள் கடைசித் தூக்கு நடுக்கத்துக்கும் சம்பந்தமில்லை. கிளாஸுக்கு வேண்டியது வரிசையின் முதல் சில யூனிட்டுகள்தான், அந்தப் பலத்தில் கை ஆடக் கூடாது. வயதானால் யூனிட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மிஞ்சியவை நரம்பை இழந்து அநாதையான நார்களைச் சேர்த்துக்கொண்டு பெரிதாகும், பிடி சற்று முரடாகும். ஆனால் அது 60 தாண்டிய பிறகுதான் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும், கிளாஸ் ஆடுகிற அளவுக்கு அது மட்டுமே காரணமாக இருப்பது அரிது. எதையாவது பிடிக்கும்போதும் நீட்டும்போதும் வருகிற ஒரு வகை நடுக்கம் குடும்பங்களில் ஓடுவது உண்டு, அம்மாவின் பயம் முழுக்க வீண் இல்லை. அதனால் உயிருக்கு ஆபத்து இல்லை, மருந்தும் இருக்கிறது. மடியில் கை சும்மா கிடக்கும்போது ஆடினால், நடை மெதுவானால், எழுத்து சின்னதானால் அது பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயாக இருக்கலாம். தைராய்டு கூடினாலும், ஆஸ்துமாவுக்கு சால்பூட்டமால் எடுத்தாலும் கை நடுங்கும்.

தோல் பட்டறைப் பசைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. சில பசைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருக்கும். மூடிய அறையில் வருடக்கணக்கில் அதை மூச்சில் இழுத்தால் கை கால் நரம்பிழைகள் கெட்டுப்போகும். இத்தாலியிலும் ஜப்பானிலும் செருப்புத் தொழிலாளிகளிடம் இது நிறையப் பதிவாகியிருக்கிறது. பாதம் மரத்துப்போவது, எரிச்சல், செருப்பு தானாகக் கழன்று விழுவது, மாடிப்படி ஏறத் திணறுவது, பொத்தான் போட முடியாமல் போவது, இவற்றில் ஏதாவது உண்டா என்று அப்பாவிடம் இன்றே கேளுங்கள். நடுக்கம் இதன் முதல் அடையாளம் இல்லை, ஆனாலும் அந்த வேலையில் இருப்பவரிடம் கேட்காமல் விடக் கூடாது. பட்டறையில் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் காற்றுத் தள்ளும்படி வைக்கச் சொல்லுங்கள். துணியை மூக்கில் கட்டினால் இந்த ஆவி நிற்காது.

சயான் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். பொது மருத்துவ ஓபிடியில் காட்டி, நரம்பியலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பசை டின்னின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை வருடமாக அந்த வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளை அவரிடம் நீட்டுங்கள். வேலை நாள் போகிறதே என்று அப்பா தள்ளிப்போடுவார். இந்த வாரமே ஒரு நாள் நீங்கள் கூடப் போங்கள்.